வாடகைக்குச் சாட்சி யார்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் மண்டிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கே கம்பி இழுப்பவர், பற்றவைப்பவர், மெருகேற்றுபவர், மண்டியில் மூட்டை தூக்குபவர் எனப் பலருக்கும் வாடகை வீடுதான் குடியிருப்பு. இருபது ஆண்டுகளாக மாதம் பிறந்ததும் வாடகையை எண்ணிக் கொடுத்துவிட்டு மற்ற செலவைப் பார்க்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அந்த இருபது ஆண்டு நாணயம் அவர்களுடைய சிபில் கடன் அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இருக்காது. அதே குடும்பம் தவணையில் வாங்கிய செல்போனுக்கு ஒரு மாதம் பணம் கட்டத் தவறியிருந்தால், எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கோடு அது 36 மாதம் வரை அறிக்கையில் நிற்கும்.

இதற்குக் காரணம் அந்த அறிக்கையோடு வரும் கடன் மதிப்பெண் பிறந்த விதத்தில் இருக்கிறது. 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் மூன்று வகை ஐரிஸ் பூக்களை ஆராய்ந்தார். 150 பூக்கள், ஒவ்வொன்றிலும் புல்லிதழ், அல்லிதழ் இரண்டின் நீளம், அகலம் என்று நான்கு அளவுகள். அந்த அளவுகளைத் தக்க விகிதத்தில் கூட்டி ஒரே எண்ணாக்கினால், எந்தப் பூ எந்த வகை என்று பிரித்துவிடலாம் என்று காட்டினார். ஐந்தே ஆண்டுகளில், 1941-இல், அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் டியூரண்ட் அதே கணக்கைக் கடன் வாங்கியவர்கள் மீது போட்டுப் பார்த்தார். இதழின் அளவுக்குப் பதில் வேலை, வயது, சேமிப்பு. பூவின் வகைக்குப் பதில் கடனைத் திருப்பியவர், திருப்பாதவர். 1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்ற இருவர் அதைத் தொழிலாகவே தொடங்கினார்கள். இன்று 300-க்கும் 900-க்கும் நடுவே நமக்கு வரும் மதிப்பெண் அந்தப் பூக்கணக்கின் வழித்தோன்றல்தான்.

பூவை அளந்தால்தான் பிரிக்க முடியும். அளக்காத ஒன்று அந்தக் கணக்குக்கு இல்லாத ஒன்றே. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் கடன்தாரர்களின் விவரத்தை அனுப்புகின்றன. வீட்டுக்காரர் யாருக்கும் கடன் கொடுக்கும் நிறுவனம் இல்லை. அவர் எதையும் அனுப்புவதில்லை. அதனால் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தாலும் மதிப்பெண் ஏறாது, நிறுத்தினாலும் இறங்காது.

அப்படியானால் வாடகையைச் சில மாதம் நிறுத்திவைப்பது வீட்டுக்கடனைப் பாதிக்காதா? பாதிக்கலாம். ஏனென்றால் மதிப்பெண்ணோடு வங்கி நின்றுவிடுவதில்லை. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான கணக்கு விவரத்தைக் கேட்கிறது. பல நேரம் வீட்டுக்கும் பட்டறைக்கும் ஆள் அனுப்பி விசாரிக்கிறது. மாதந்தோறும் 9,000 ரூபாய் வீட்டுக்காரர் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்து திடீரென்று நின்றால், விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம்: வருமானம் விழுந்திருக்கிறது, அல்லது வீட்டுக்கான முன்பணத்தைச் சேர்க்க வாடகையைக் கைவிட்டிருக்கிறார். இரண்டுமே விண்ணப்பத்துக்கு நல்லதில்லை.

வாடகை வங்கிக்கு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000. மாதம் 9,000 வாடகையும் கொடுத்து, 9,000 சேமித்தும் வரும் குடும்பம் அந்தத் தவணைக்கு ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டது. சொந்த வீட்டுக்குக் குடிபோனதும் வாடகை நிற்கும், அந்தப் பணமும் தவணையில் சேரும். வாடகையை நிறுத்திவிட்டு 18,000 சேமிப்பாகக் காட்டினால், பாக்கி என்ற பாதியை மறைத்த கணக்கு அது.

கடன் வாங்கிய பிறகு நிறுத்திவைப்பதன் கனம் வேறு. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே ஆறு மாதம் தவணை கட்டாமல் விட்டால், சேரும் வட்டி சுமார் 90,000. தவணைத் தொகையை மாற்றாமல் கட்டினால், 240 தவணையில் முடிய வேண்டியது 274-ஐத் தாண்டும். ஆறு மாத ஓய்வுக்கு 34 மாத உழைப்பு! தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போவதால், அசலோடு சேர்ந்த சிறு தொகையும் கரைய நெடுங்காலம் பிடிக்கிறது. ஆறு மாத வாடகை பாக்கியோ 54,000 ரூபாய்தான். அது இப்படிக் குட்டி போடுவதில்லை. ஆனால் வாடகையை நிறுத்திப் பழகியவர் தவணையையும் நிறுத்துவாரோ என்ற வங்கியின் அச்சம் இங்கேதான் பிறக்கிறது.

2020 ஊரடங்கு இந்த இரண்டு வகை நிறுத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியது. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணைச் சலுகையை அறிவித்தது. பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அதைப் பயன்படுத்தியவரின் கடன் வரலாறு கெடாது என்றும் தெளிவுபடுத்தியது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று 2021 மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வாடகைக்கு வந்தது ஓர் உத்தரவு: புலம்பெயர்ந்தவர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் சொன்னது. மற்றபடி, மூடிய பட்டறையின் தொழிலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருந்தது வாய்ப்பேச்சுதான். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்”, “தொழில் ஓடினதும் தருகிறேன்” என்று பேசி முடித்ததற்குத் தாள் கிடையாது. தவணையை நிறுத்தியவருக்கு விதி சாட்சி சொன்னது. வாடகையை நிறுத்தியவருக்குச் சாட்சியே இல்லாமல் போனது.

என் முடிவு இதுதான்: நெருக்கடியில் வாடகையை நிறுத்துவது குற்றமில்லை, அதைப் பதிவில்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று. ஆகவே எத்தனை மாதம், எவ்வளவு தொகை, எப்போது தீர்ப்பது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வாடகை வங்கிக் கணக்கு வழியாகப் போகட்டும். கையில் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வீட்டுக்கடன் கேட்பதற்கு முந்தைய ஓராண்டில் முடிந்தவரை வாடகையை நிறுத்தாதீர்கள். போக்கியத்துக்குக் குடியிருப்பவருக்கு மாத வாடகையே இல்லை. அவர் வாடகையாகப் போயிருக்கக்கூடிய தொகையை மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டால், கணக்கில் ஒழுங்கு தெரியும். கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்த இத்தகைய சான்றுகளே உதவும்.

வங்கிகள் செய்ய வேண்டியதும் உண்டு. அமெரிக்காவின் வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே 2021 செப்டம்பரில் ஒரு வழியைத் திறந்தது. முதல்முறை வீடு வாங்குபவர் சம்மதித்தால், அவருடைய 12 மாத வங்கிக் கணக்கில் வாடகை ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று பார்க்கும். போயிருந்தால் விண்ணப்பத்துக்கு வலு சேரும்; இடையில் விட்டுப்போயிருந்தால் அதற்காகக் குறைக்காது. இந்த ஒருதலைப்பட்சம் நியாயமானது. வாடகையின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எண்ணினால், ஊரடங்கில் தொழில் நின்றவரின் பாக்கி பல ஆண்டுகள் அவர்மேல் பழியாக நிற்கும். நல்லதை மட்டும் எண்ணினால், இதுவரை கணக்கில் வராத லட்சக்கணக்கான குடும்பங்களின் நாணயம் கணக்குக்குள் வரும். யுபிஐ-யில் வாடகை போகும் நாட்டில் இதற்கான தரவு ஏற்கெனவே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைத் தொழிலாளி சம்மதித்தால் அதைப் பார்ப்போம் என்று நம் வங்கிகளும் முன்வர வேண்டும்.