பவளக் குடாவில் பாய்மரப் படகை நிறுத்துதல்

பாய்மரப் படகைக் கடலில் ஓரிடத்தில் நிறுத்தி வைக்க நங்கூரம் பாய்ச்சுவது மிகப் பழைய வழக்கம். பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் உள்ள வெப்பமண்டலக் குடாக்களில் இவ்வழக்கம் கடலடி உயிர்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். அதனால் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. கரீபியக் கடலில், அமெரிக்க வர்ஜின் தீவுகளுள் ஒன்றான செயின்ட் ஜான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1956-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா இன்று தீவின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தைக் கொண்டுள்ளது. 1962-இல் சுற்றியுள்ள கடலின் ஒரு பகுதியும் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது.

ஆறாத வடு

1988 அக்டோபரில் ஓர் உல்லாசக் கப்பல் இப்பூங்காவின் பவளப்பாறை ஒன்றின்மீது நங்கூரத்தை இறக்கியது. நங்கூரம் இழுபட்ட தடம் சுமார் 128 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் இருந்தது. பவளங்கள் பொடியாயின, பாறையின் அடிக்கட்டே சில இடங்களில் உடைந்தது. ஆய்வாளர்கள் அத்தடத்துக்குள் நிரந்தரச் சதுரங்களைக் குறித்து, ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தனர். 1991-இல் அங்கே உயிருள்ள பவளம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 1998-இல், அதாவது விபத்து நடந்து பத்தாண்டுகள் ஆன பின்னும், அது குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

அது பெரிய கப்பல், நம் படகு சிறியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் கப்பல் ஒருமுறை வந்தது. சிறு படகுகளோ நாள்தோறும் வருகின்றன.

நங்கூரமா, சங்கிலியா?

நங்கூரத்தின் கொழு மண்ணில் புதையும் இடம் ஒரு முறத்தளவுதான். உண்மையான சேதத்தைச் செய்வது அதோடு இணைந்த சங்கிலி. நங்கூரம் பிடிக்க வேண்டுமானால் இழுப்பு தரையோடு தரையாக, கிடையாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆகவே, நீரின் ஆழத்தோடு படகின் முன்முனை (மீனவர் சொல்லில் அணியம்) நீருக்கு மேல் இருக்கும் உயரத்தையும் கூட்டி, அதைப் போல் ஐந்து மடங்கு சங்கிலியை விடுவது பொது வழக்கம். கயிறானால் ஏழு மடங்கு. ஆழம் 5 மீட்டர், முன்முனையின் உயரம் 1.5 மீட்டர் என்றால் 6.5-ஐ ஐந்தால் பெருக்க 32.5 மீட்டர் சங்கிலி வேண்டும். ஓதம் அதிகம் ஏறும் இடமானால் அதையும் கூட்ட வேண்டும்.

இதில் 30 மீட்டர் தரையில் கிடப்பதாகக் கொள்வோம். காற்று திசை மாறி, படகு நங்கூரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்தால் சங்கிலி துடைக்கும் பரப்பு எவ்வளவு? பள்ளியில் படித்த πr² தான்: சுமார் 2,800 சதுர மீட்டர், ஏறக்குறைய 70 சென்ட் நிலம். காற்று ஒரே திசையில் நின்று வீசினால் வட்டம் முழுதும் தேயாது. ஆனால் மலையடியில் உள்ள குடாக்களில் காற்று இரவில் தளர்ந்து சுழலும்.

கடற்புல் வெறும் புல்தானே என்று எண்ணக் கூடாது. அதன் வேர்த்தண்டு அறுந்த இடத்தில் மணல் இளகி, அலை அரித்து, சிறு குழி பெரிதாகிக்கொண்டே போகும். செயின்ட் ஜானின் மாகோ குடாவில் பச்சை ஆமைகள் மேய்வது இப்புல்லைத்தான்.

மிதவை இருந்தால் மிதவையே

இதற்குப் பூங்கா கண்ட தீர்வு, நிலையாகப் பொருத்தப்பட்ட மிதவைகள். பாறையில் துளையிட்டோ மணலில் திருகியோ கடலடியில் பிடிமானம் அமைத்து, அதிலிருந்து கயிற்றால் மிதவையைக் கட்டியிருப்பார்கள். தரையில் உரசும் சங்கிலி இல்லை. படகோட்டி, காற்றை எதிர்நோக்கி மெதுவாக நெருங்கி, மிதவையிலிருந்து வரும் கயிற்றின் கண்ணிக்குள் தன் கயிற்றை நுழைத்துப் படகில் கட்டிக்கொள்ளலாம். இரவு தங்கக் கட்டணம் உண்டு. படகின் நீளத்துக்கும் வரம்பு உண்டு. காற்று பலமாக உள்ளபோது மிதவைகள் தாங்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே நங்கூரம் கூடாது என்பதை வரைபடத்திலும் பூங்காவின் நடப்பு விதிகளிலும் முன்னதாகவே பார்த்துக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பேரலை வரும்போது வடகரைக் குடாக்களில் தங்காமல் தென்புறம் போய்விடுவது மேல்.

நங்கூரமே பாய்ச்ச நேர்ந்தால்

அனுமதி உள்ள இடத்திலும் வெறும் மணலைத் தேடிப் பாய்ச்ச வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும்போது மணல் வெளிறிய நீலமாகவும், புல்லும் பாறையும் கருந்திட்டுகளாகவும் தெரியும். மாலையில் தாழ்ந்த வெயில் நீரில் பட்டுக் கண்ணைக் கூசினால் எதுவும் தெரியாது. அதனால் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேருவதே அறிவுடைமை. மணல் திட்டு மட்டும் போதாது. சங்கிலி வட்டமிடும் பரப்பும் மணலாக இருக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நங்கூரத்தை வீசி எறியாமல் மெல்ல இறக்கி, படகு பின்வாங்க வாங்கச் சங்கிலியை விட்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கிப் பிடிமானத்தைச் சோதிக்க வேண்டும். கரையில் ஒரு மரமும் அதன் பின்னே ஒரு பாறையும் ஒரே கோட்டில் தெரிந்து, அந்தக் கோடு விலகாமல் நின்றால் படகு நகரவில்லை என்று பொருள். பிறகு நீர்க்கண்ணாடி அணிந்து இறங்கி நேரில் பார்ப்பது இன்னும் உறுதி.

எடுக்கும்போது படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து செங்குத்தாகத் தூக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போகலாகாது. நங்கூரத்தில் ஒட்டிவரும் புல்லும் கவலைக்குரியதே. செங்கடல், இந்தியப் பெருங்கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு கடற்புல் 2002-இல் கரீபியனில் முதன்முதலாகக் கிரெனடாவில் கண்டறியப்பட்டது. அதன் பின் தீவு தீவாகப் பரவி, உள்ளூர்ப் புல்லின் இடத்தைப் பிடித்து வருகிறது. அறுந்த சிறு துண்டே புதிதாக வேர்விடும். எனவே நங்கூரத்தையும் சங்கிலியையும் எடுத்த இடத்திலேயே நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த குடாவுக்குப் புறப்பட வேண்டும்.