சானடோரியம் டு சேத்துப்பட்டு!

காலை எட்டேகால். தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ட்ரெயின். நின்றபடியே தூங்கும் கலையில் டாக்டர் பட்டம் வாங்கிய கூட்டம். இதில் ஒருத்தர் 'லொக் லொக்' என்று நாலு தடவை இருமட்டும், பார்க்கலாம். மூச்சுவிட இடமில்லாத பெட்டியில் அவரைச் சுற்றி மட்டும் ஒரு கிரவுண்டு காலி!

நானும் நகர்ந்து நின்றவன்தான். என் ரூம்மேட்டுக்கு டி.பி. என்று தெரியும்வரை. குரோம்பேட்டையில் மூன்று பேர் ஒரே ரூம். ரிசல்ட் வந்த அன்று அவன் கேட்டது ஒன்றுதான்: "டேய், ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிடாதீங்கடா... காலி பண்ணச் சொல்லிடுவார்!"

அவன் எங்கேயும் போகவில்லை. அதே ரூமில் இருந்து, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானான். 'வீட்டிலேயே இருந்து குணமாகலாம்' என்று உலகத்துக்கு நிரூபித்தது யார் தெரியுமா? நம்ம மெட்ராஸ்காரர்கள்!

நாம் தினமும் தாண்டிப் போகும் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளி, பீச் ஸ்டேஷன் பக்கம் போர்ட் டிரஸ்ட்டில் மாசம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவர். பெயர் ராமானுஜன். ஆமாம், கணித மேதையேதான்! 1920-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் காலமானார். (அவருக்கு வந்தது டி.பி.தானா என்று டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.)

அந்தக் காலத்தில் டி.பி.க்கு மருந்து ஏது? நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. அவ்வளவுதான். மருந்து வந்த பிறகும், 'சானடோரியத்தில் சேர்த்தால்தான் பிழைப்பான்' என்ற நம்பிக்கை போகவில்லை. ஆனால், லட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது?

1956-ல் அதே சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் பிறந்தது. இன்று அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். முதல் டைரக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு. மீதிப் பேர் நெருக்கடியான அவரவர் வீட்டுக்கு, அரைகுறைச் சாப்பாட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

ரிசல்ட் 1959-ல் வந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் தேறினார்கள். வீட்டில்? 86 பேர்! வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 'மாத்திரையைக் கண் எதிரே விழுங்க வை' என்ற முறையும் 1960-களில் இங்கேதான் பழகிப் பார்க்கப்பட்டது. பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகம் சுற்றியது அதுதான்.

அந்த 193 பேருக்குச் சிலை கிடையாது, தெருப்பெயர் கிடையாது. 'சரி, என்னை வைத்துப் பாருங்கள்' என்று தலையாட்டிய சாதாரண ஜனங்கள். என் நண்பன் ரூம் காலி பண்ணாமல் பிழைத்தது அவர்கள் புண்ணியம்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார்!" என்கிறீர்களா? 2006-ல் அதே நிறுவனம் எய்ட்ஸ் தடுப்பூசி ஒன்றைப் பரிசோதித்தது. நோய் நொடி இல்லாத 32 பேர் தாங்களாக முன்வந்து கையை நீட்டினார்கள். 'ஊசி போட்டா எய்ட்ஸ் வந்துடுமா?' என்ற பயத்தைத் தாண்டி! (வராது. அதில் உயிருள்ள எச்.ஐ.வி. கிருமியே இல்லை.) அந்த ஊசி கடைக்கு வரவில்லை. ஆனாலும் பாதுகாப்பானது என்று தெரிந்தது. அந்த ஒரு வரியை எழுதவே 32 பேர் தேவைப்பட்டார்கள்.

உடனே போய்க் கையை நீட்டச் சொல்லவில்லை. நீட்டுகிறவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நீட்டட்டும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறதா? ஆராய்ச்சி இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? பாதியில் விலகினாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை.

ஊசி என்றாலே மயக்கம் வருபவரா? இன்னொரு வழி இருக்கிறது. இதே சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளி வீட்டுக்கு மாசாமாசம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு டி.பி. வருவது 39 சதவிகிதம் குறைந்தது! தடுப்பூசி இல்லை சார்... வெறும் சாப்பாடு! 2022-ல் ஆரம்பித்த 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து, ஒரு நோயாளியின் சம்மதத்தோடு, ஆறு மாசம் சத்துணவுக்கு உதவலாம். ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஹோட்டல் டிபனைத் தியாகம் செய்தால் போதும்.

அதுவும் முடியாதா? நாளைக்கு ட்ரெயினில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் நகராதீர்கள். "ரெண்டு வாரமா இருக்கா சார்? கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட் ஃப்ரீதான்" என்று சொல்லிப் பாருங்கள்.

முறைத்தால்... அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிக்கொள்ளலாம்!