ஊசி போடும் கைக்கும் ஓய்வு வேண்டும்



"ராத்திரியில கதவைத் தட்டினா மருத்துவிச்சி அம்மா கோபமா பேசுறாங்க." லயங்களுக்குப் போகும்போதெல்லாம் நலன்புரி உத்தியோகத்தர்களாகிய எங்களிடம் சொல்லப்படும் முறைப்பாடு இது. ஒரு தோட்டத்தில் இதை விசாரிக்கப் போனோம். பிள்ளைக்குச் சளி என்று இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா எழும்பி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "காலையில் டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

விசாரித்தபோது வேறு ஒரு சங்கதி தெரிந்தது. முந்தின இரவு முழுவதும் ஒரு பிரசவக்காரிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய், விடிந்த பிறகே அவர் திரும்பியிருக்கிறார். அன்று பகல் முழுக்க கிளினிக். படுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. இதைக் கேட்டதும் குறை சொன்னவர்களே அமைதியாகிவிட்டார்கள். கொழுந்து எடுக்கும் ஒரு தாய் மட்டும், "நமக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேர். அந்த அம்மாவுக்கு எத்தனை பேர் போடுறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உலகம் என்ன சொல்கிறது?

1977ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் கூடிய சர்வதேச தொழில் ஸ்தாபனம், தாதியருக்கென்றே 149ஆம் இலக்கச் சமவாயத்தையும் 157ஆம் இலக்கச் சிபார்சையும் நிறைவேற்றியது. உலக சுகாதார ஸ்தாபனமும் இதில் ஒத்துழைத்தது. சமவாயம் அதை ஏற்றுக்கொண்ட நாடுகளைக் கட்டுப்படுத்தும். சிபார்சு எந்த நாட்டுக்கும் சட்டம் அல்ல. ஆனால் நியாயம் எது என்று அளந்து பார்க்க அது ஒரு நல்ல அளவுகோல்.

வேலை நேரம், வாராந்த ஓய்வு, சம்பளத்துடன் லீவு, பிரசவ லீவு, சுகவீன லீவு ஆகியவற்றில் தாதியர் மற்றத் தொழிலாளரை விடக் குறைந்தவர்களாக நடத்தப்படக் கூடாது என்கிறது சமவாயம். சிபார்சு இன்னும் விபரமாகச் சொல்கிறது:

சாதாரண வேலைநாள் எட்டு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. ஓவர்டைம் சேர்ந்தாலும் ஒரு நாளில் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு முறை வேலை முடிந்தால், அடுத்த முறை தொடங்குமுன் குறைந்தது 12 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு தடவை 36 மணித்தியாலத்துக்குக் குறையாத தொடர் ஓய்வு கிடைக்க வேண்டும். அதைப் படிப்படியாக 48 ஆக உயர்த்த வேண்டும். வருடாந்த லீவும் நான்கு வாரமாக உயர வேண்டும்.

மருத்துவிச்சி வேலையோடு நோயாளிகளையும் பராமரிக்கும் நம் தோட்டத்து அம்மாவையும் இந்த அளவுகோலால் பார்ப்பதே நியாயம்.

இது அவருக்கு மட்டும் நன்மையா?

இல்லை, நமக்கும்தான். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், மது அருந்தியவருடையதைப்போலத் தடுமாறும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். சாராயம் குடித்த டிரைவர் ஓட்டும் லொறியில் நம் பிள்ளையை ஏற்றுவோமா? அப்படியானால் தூக்கம் இல்லாத கையில் ஊசியையும் மருந்துப் போத்தலையும் கொடுப்பது எப்படிச் சரியாகும்? மருந்தின் அளவு கொஞ்சம் மாறினாலே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

ஊசியால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாவித்த ஊசி கையில் குத்தினால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் தொற்றலாம். களைத்த கைதான் இப்படிக் குத்துப்படுவது அதிகம். இதைத் தடுக்கும் தடுப்பூசி வழக்கமாக மூன்று தடவை போடப்படும். தாதியருக்குத் தடுப்பூசியும் கையுறையும் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

பிள்ளைகளைத் தாதி வேலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் படித்துவிட்டுத் தாதி வேலைக்குப் போக ஆசைப்படுகிறார்கள். சந்தோஷம். ஆனால் "ட்ரெய்னிங்" என்று கூட்டிப்போய், இரவு பகலாக ஆள் பற்றாக்குறைக்கு நிறுத்தும் இடங்களும் உண்டு. பயிலுநரின் வேலை அவரது படிப்புக்காகவே இருக்க வேண்டும், ஆள் குறையை நிரப்ப அவரைப் பாவிக்கக் கூடாது என்று அதே சிபார்சு சொல்கிறது.

ஆகவே அனுப்புமுன் கேளுங்கள். அந்தப் படிப்பைக் கொண்டு தாதியாகப் பதிவு செய்ய முடியுமா? நியமனக் கடிதம் தருவார்களா? வேலை எத்தனை மணித்தியாலம்? இரவு வேலை முடிந்தால் ஓய்வு எவ்வளவு? தேயிலைத் தொழிலுக்கு இருப்பதுபோலத் தனியார் மருத்துவமனைத் தொழிலுக்கும் சம்பளச் சபை உண்டு. வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் 8 வீதம் பிள்ளையிடம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டு, ஈ.பி.எப். கட்ட வேண்டும். ஈ.ரி.எப். 3 வீதத்தை முதலாளியே கட்ட வேண்டும். இவை நடக்கவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பயப்பட வேண்டாம், எங்களிடம் வாருங்கள், கடிதம் எழுதித் தருகிறோம்.

நாம் செய்யக்கூடியவை

சாதாரண தடிமன், சிரங்கு, மருந்துத் துண்டு போன்றவற்றுக்கு டிஸ்பென்சரி நேரத்திலேயே போவோம். ஆனால் கர்ப்பிணித் தாய்க்கு இரத்தப்போக்கு, வலிப்பு, பிள்ளைக்கு மூச்சுத்திணறல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். எந்த நேரமானாலும் தட்டுங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸும் இலவசமாக வரும். வீட்டில் இன்சுலின் ஊசி பாவிப்பவர்கள் அதைக் கானில் வீசாமல், மூடியுள்ள கெட்டியான போத்தலில் போட்டு டிஸ்பென்சரியில் ஒப்படையுங்கள்.

இன்னொன்று. அந்த அம்மா லீவில் போகும்போது பதிலுக்கு ஒருவர் இல்லையென்றால், அவர் மேல் கோபப்பட்டுப் பலன் இல்லை. மாதர் சங்கமும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் சேர்ந்து, பதில் ஆள் கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எட்டு மணித்தியால வேலை என்ற உரிமை நமக்கும் சும்மா கிடைத்ததல்ல, தொழிலாளர் ஒன்றாக நின்று கேட்டதால் கிடைத்தது. நமக்காகக் கண் விழிப்பவருக்காகவும் ஒரு தடவை சேர்ந்து கேட்போம்.