வருவது குறைவு, சாவது அதிகம்

புற்றுநோய் நகரத்து வியாதி என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-இல் வெளியிட்ட கணக்கு அதைப் பாதிதான் ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் மாநகரக் கவுன்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) 457, கிராமப்புறக் கவுன்ட்டிகளில் 442. சாவு மட்டும் தலைகீழ்: மாநகரில் 158, கிராமத்தில் 180. கிராமத்தில் முதியவர்கள் அதிகம், அதனால் இருக்குமோ? இல்லை, வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய எண்கள்தான் இவை.

பிறகு ஏன்? கிராமங்களில் கூடுதலாக வருபவை நுரையீரல், பெருங்குடல், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள். நுரையீரல் புற்றுக்குக் காரணம் பெரும்பாலும் புகைபிடித்தல். கிழக்குக் கென்டக்கி மலைப்பகுதியைப் பாருங்கள்: புகையிலை விளைந்த மாநிலம், நிலக்கரிச் சுரங்கங்கள், வறுமை. பெருங்குடல், கருப்பைவாய்ப் புற்றுகள் இரண்டும் பரிசோதனையில் முன்கூட்டியே பிடிபடக்கூடியவை. பெருங்குடலில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு போல ஆகும். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் கண்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். அதைச் செய்யும் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

கண்டுபிடித்த பின்னும் தூரம் விடுவதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் பல நோயாளிகளுக்கு வாரம் ஐந்து நாள், பல வாரங்கள். கருவியின் கீழே படுப்பது சில நிமிடம்தான். பயணமோ போக வர மணிக்கணக்கில். பெட்ரோல் செலவு, இழந்த கூலி, கூட வருபவரின் லீவு எல்லாம் சேரும்போது சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலும் இந்தச் செலவு தீராது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே கணக்கின்படி 2006 முதல் 2015 வரை புற்றுநோய்ச் சாவு விகிதம் எங்கும் குறைந்தது, ஆனால் ஒரே வேகத்தில் இல்லை: மாநகரில் ஆண்டுக்கு 1.6 சதவீதம், கிராமத்தில் 1 சதவீதம்.