செக்கு போடுமுன் போட்டியைக் கணக்கிடுங்கள்

மரச்செக்கு போட நினைக்கும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் முதலில் விசாரிப்பது இயந்திரத்தின் விலையையும் மானியத்தையும்தான். குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்காக 2020-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன். எண்ணெய் விற்றாலும் விற்காவிட்டாலும் தவணை தேதி தவறாமல் வந்துவிடும். ஆனால் போட்டி எப்படி என்று கேட்டால், "பக்கத்து ஊரில் ஒரு செக்குதான் இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தச் செக்குக்காரர் பெரிய போட்டியாளர் அல்ல. ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மளிகைக் கடையில் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய். இல்லத்தரசி ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றோடுதான். அந்தப் பாக்கெட்டின் விலையோ உள்ளூரில் முடிவாவதில்லை. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரி உயர்ந்தது. 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய்க்கான அடிப்படை வரி 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்தது. இப்படி வரி குறையும்போது செக்கு எண்ணெய்க்கும் பாக்கெட்டுக்கும் உள்ள விலை இடைவெளி கூடுகிறது.

அடுத்தது மூலப்பொருள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு அடக்கவிலை 50 ரூபாய் ஏறும். வாடிக்கையாளரிடம் ஒரே நாளில் 50 ரூபாய் கூட்டிக் கேட்க முடியுமா? புண்ணாக்கு விற்ற பணம் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். அறுவடை நேரத்தில் பெரிய வியாபாரிகள் ரொக்கத்தோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வந்து மொத்தமாக அள்ளிவிடுவார்கள். சொந்தக் கடலை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பிடி உண்டு. ஆனால் காயை நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பு வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு சேரும்.

மலிவு எண்ணெயைக் கலந்து 'செக்கு எண்ணெய்' என்று விற்பவர்களும் சந்தையில் உண்டு. அவர்கள் விலைக்கு இறங்கிப் போட்டியிட்டால் நஷ்டம் நிச்சயம். கண்ணெதிரே ஆட்டிக் கொடுப்பதுதான் அதற்குப் பதில்.

தொழில் நன்றாக ஓடினால் அதே மானியத்தில் அடுத்த தெருவிலும் ஒரு செக்கு வரும். இயந்திரம் யாருக்கும் கிடைக்கும். மாதாமாதம் ஐந்து லிட்டர் வாங்கும் வீடுகள் அப்படிக் கிடைக்காது.

அதனால் கடன் மனுவுக்கு முன் ஒரு மூட்டைப் பருப்பை ஏற்கெனவே இருக்கும் செக்கில் கூலிக்கு ஆட்டலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, பாட்டில், லேபிள் செலவுகளையும் சேர்த்து விலை வைத்து விற்றுப் பார்க்கலாம். எத்தனை வீடுகள் அடுத்த மாதமும் அதே விலைக்குக் கேட்டு வருகின்றன என்பதை நோட்டில் எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து வங்கிக்குப் போகலாம்.