ஓடுகிற பெண்ணுக்கு ஒரு டம்ளர் காபி போதுமா?

போன வருஷம் எங்கள் பெண்ணின் பள்ளியில் விளையாட்டு விழா. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர் ஓட்டத்தில் முக்கால்வாசி தூரம் அவள்தான் முதல். கடைசி வளைவில் கால் பின்னிக்கொண்டது. ஐந்தாவதாக வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மனசு ஓடுதும்மா, கால் ஓட மாட்டேங்குது" என்று அழுதாள்.

அன்று காலை அவள் சாப்பிட்டது ஒரு டம்ளர் காபி. "ஓடப் போற பொண்ணு, வயிறு லேசா இருக்கட்டும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்! முதல் நாள் ராத்திரியும் பதற்றத்தில் இரண்டு வாய் மோர் சாதம். ஓட்டம் நடந்ததோ பதினோரு மணி வெயிலில்.

அசோக் நகரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் தசைக்குள் உடனே செலவு செய்யத் தயாராக இருக்கும் சக்தி, இடுப்பில் செருகிய சுருக்குப்பைச் சில்லறை மாதிரி. வேகமாக ஓடினால் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த பணம். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பழம் எல்லாம் சர்க்கரையாக மாறி, 'கிளைகோஜன்' என்ற பெயரில் தசையிலும் கல்லீரலிலும் சேர்கிறது. பெரியவர்களுக்கு தசையில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். வேக ஓட்டத்துக்கு இதுதான் பணம். மூன்றாவது, பாங்கில் போட்ட வைப்புத் தொகை. அதாவது உடம்புக் கொழுப்பு. பத்து கிலோ கொழுப்பில் 70,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. நிதானமாக, நிறையப் பிராணவாயு இருந்தால்தான் எரியும். மெதுநடைக்கு உதவுகிற அளவுக்கு வேக ஓட்டத்துக்கு உதவாது.

நாம் தூங்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. ராத்திரி முழுவதும் அது கல்லீரலில் இருக்கும் கையிருப்பைத் தின்கிறது. விடியும்போது பெட்டி பாதிக்குமேல் காலி. அதை நிரப்பாமல் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

பி.டி. உஷாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பையோலியிலிருந்து போன இருபது வயதுப் பெண். 55.42 விநாடியில் வந்தார். வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண்ணுக்கு 55.41. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு! பல வருஷம் கழித்து 2018-ல் அவரே சொன்னார்: அங்கே கொடுத்த சாப்பாடு பிடிபடாமல், அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளினாராம். கடைசி 35 மீட்டரில் சக்தி தங்கவில்லையாம். கஞ்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் மாவுச்சத்து உண்டு. ஆனால் ஒரு கிண்ணக் கஞ்சியில் பெரும்பாகம் தண்ணீர். வயிறு நிறையும், பெட்டி நிறையாது. புரதமும் போதாது.

கஞ்சி என்றதும் குன்னூர் நினைவு வருகிறது. 1918-ல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். அதுதான் 1958-ல் ஹைதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குக் கால் மரத்து, தளர்ந்து போனது பி1 வைட்டமின் இல்லாததால். மாவுச்சத்து உடம்பில் எரிய இந்த வைட்டமின் வேண்டும். விறகு இருந்து நெருப்புக்குச்சி இல்லாத கதை! நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குகிறது. ஆகவே புழுங்கலரிசியை ஏழைகள் அரிசி என்று ஒதுக்காதீர்கள். அரிசியை ஏழெட்டுத் தரம் கழுவுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் வேண்டாம்.

எங்கள் பெண் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.8. அவள் வயதுக்கு 12-க்குக் குறையக்கூடாதாம். பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து போவது அதுதான். கூலியாள் குறைந்தால் மூட்டை எப்படிப் போய்ச் சேரும்? விசாரித்தால், பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, "வயத்தைப் பிரட்டுது" என்று குப்பைத்தொட்டியில் போட்டு வந்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாமலே போயிற்று. உங்கள் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டபின் போட்டால் பிரட்டல் குறைகிறது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் நன்றாக ஒட்டும்.

இப்போது நான் செய்வது: பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி வயிறாரச் சாதம், பருப்பு, ஒரு காய். காலையில் மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லி, சாம்பார். நெய் சொட்டும் பொங்கலும் பூரியும் அன்று கிடையாது, ஜீரணமாக நேரமாகும். ஒரு மணி முன்னால் வாழைப்பழம். நடுவே நடுவே தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர். குளுக்கோஸ் பொடி கேட்டு அடம்பிடித்தாள். ஒரு நிமிஷ ஓட்டத்துக்கு அது எதற்கு? வாங்கவில்லை. ஓடி முடித்த பிறகு கொண்டைக்கடலைச் சுண்டலும் பாலும், அல்லது முட்டை. தேய்ந்த தசையைப் பழுது பார்க்கப் புரதம் வேண்டும். டப்பாவில் விற்கும் புரதப் பொடி விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்! 50 கிலோ எடையுள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 42 கிராம் புரதம் போதும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20. விளையாடுகிற பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டியதையும் பருப்பு டப்பாவிலேயே எடுக்கலாம்.

பூங்காவில் காலையில் நடக்கும் நமக்கு இத்தனை தேவையில்லை. அரை மணி நடைக்கு வைப்புத் தொகையே போதும். திரும்பும் வழியில் வடையும் காபியும் சாப்பிட்டு அதை மறுபடி கட்டிவிடாமல் இருந்தால் சரி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மட்டும், வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் மாத்திரை போட்டு, பெண்ணுக்கு ஹீமோகுளோபின் இப்போது 11.6. இந்த வருஷ விழா அடுத்த மாதம். "இட்லி நாலு போதும்மா, அஞ்சாவது வேண்டாம்" என்று இப்போதே பேரம் பேசுகிறாள்.