அடை வைத்தல்

அடை வைத்தல் என்பது கருவுற்ற முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் வீட்டு முறை ஆகும். கொங்குப் பகுதியில் இது அவயம் வைத்தல் எனப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் ஆரோவில், மரக்காணம் உப்பளப் பகுதி போன்ற வெப்பமான கடலோர இடங்களில், கோழி அடையில் அமர்வதற்கு முன் முட்டைகள் எப்படி வைக்கப்பட்டன என்பதே பொரிப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

அடைக்கோழி

நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் 10 முதல் 15 முட்டைகள் இட்டதும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, கூட்டை விட்டு எழாமல் அமரும். இறகைச் சிலிர்த்துக் கேறும். அருகே வரும் கையைக் கொத்தும். புரோலாக்டின் என்னும் இயக்குநீர் உடலில் கூடுவதால் இம்மாற்றம் ஏற்படுகிறது. அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்யப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அடையில் அமரும் பண்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழிகளில் அது இன்றும் உள்ளது.

அடையிலும் அதன் பின் குஞ்சுகளை வளர்க்கும் காலத்திலும் தாய்க்கோழி முட்டையிடாது. எனவே ஓர் அடை கெட்டால், முட்டை, குஞ்சு ஆகிய இரண்டையும் அக்குடும்பம் இழக்கிறது.

முட்டை சேகரிப்பு

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். இடப்பட்ட முட்டையினுள் இருக்கும் கரு, குளிர்ந்த இடத்தில் வளராமல் உறங்கும். வெப்பம் ஏறத்தாழ 20 முதல் 24 பாகை செல்சியசைத் தாண்டினால் அது மெல்ல வளரத் தொடங்கும். ஆனால் சீரான வளர்ச்சிக்கு 37.5 பாகை வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பல நாட்கள் கிடந்தால் கரு வலுவிழந்து இறக்கும்.

கடலோர வீடுகளின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட அளவிலேயே உள்ளது. ஒரு கோழி 12 முட்டைகள் இடுவதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், முதலில் இட்ட முட்டைகளே அதிகம் கெடுகின்றன. கோடை அடைகளில் கூமுட்டை மிகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடியோசையால் முட்டை கெடும் என்று நம்பிக் கூட்டில் கரித்துண்டு, இரும்பாணி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வைக்கும் வழக்கம் உண்டு. இவை வெப்பத்தைத் தணிப்பதில்லை.

முட்டைகளை அன்றாடம் எடுத்து, 15 முதல் 18 பாகையில் வைப்பது நல்லது. குளிர்பெட்டியின் 4 பாகை கருவுக்கு மிகையான குளிர் ஆகும். அகன்ற மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதன் மேல் சிறு பானையை வைத்து, அதில் முட்டைகளை இட்டு ஈரச்சாக்கால் மூடினால், நீர் ஆவியாகும்போது பானை ஓரளவு குளிரும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இக்குளிர்ச்சி குறைவு. ஆகவே, ஒரே சமயத்தில் முட்டையிடும் இரண்டு மூன்று கோழிகளின் முட்டைகளைச் சேர்த்து, 7 நாட்களுக்கு மேற்படாதவற்றையே அடை வைக்க வேண்டும். முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் நீங்கி, நுண்துளைகள் வழியே கிருமிகள் புகும்.

பொரிப்பு

கூடையில் மணல் அல்லது தவிட்டின் மேல் வைக்கோல் பரப்பி, 10 முதல் 12 முட்டைகளை வைத்து, மாலையில் கோழியை அமர்த்துவர். செள்ளுப்பூச்சி அண்டாதிருக்க வேப்பிலை அல்லது நொச்சியிலை இடுவதுண்டு. கோழி முட்டைகளைத் தானே புரட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒருமுறை தீனிக்கும் நீருக்கும் எழும். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்தால், வளரும் கருவில் இரத்த நாளங்கள் சிலந்தி போல் தெரியும். எதுவும் தெரியாத முட்டையை அகற்றலாம்.

பிரான்சின் ஃபாவரோல் ஆனாலும் தமிழகத்துச் சிறுவிடை ஆனாலும், குஞ்சு பொரிக்க ஏறத்தாழ 21 நாட்கள் ஆகும். குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கிய பின் வெளியேறப் பல மணி நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும்.

குஞ்சு பராமரிப்பு

உடலுக்குள் இழுக்கப்பட்ட மஞ்சள்கரு முதல் இரண்டு நாட்கள் குஞ்சைத் தாங்கும். பின்னர் குருணையும் நன்னீரும் தரலாம். மிகுந்த உப்பு குஞ்சுகளுக்கு நஞ்சாகும் என்பதால் உப்பளப் பகுதியில் உவர்நீர் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். பருந்து, காகம், கீரி ஆகியவற்றிடமிருந்து காக்கப் பஞ்சாரத்தில் மூடி வைப்பர்.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய், ஒரு வீட்டுக் கோழிகள் அனைத்தையும் சில நாட்களில் அழிக்கவல்லது. இதைத் தடுக்க முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் தடுப்பூசியும் கால்நடை மருந்தகங்களில் போடப்படுகின்றன.